ஒரு மாதம் குறைத்துச் சொன்னவள்

உள்ளறையில் பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பாதி தூரம் வந்து நின்றது. மறுபடி திறக்கும் சத்தம். மறுபடி மூடும் சத்தம்.

அடுப்படியில் லேகியம் கிளறிக்கொண்டிருந்த சத்யபாமாவின் கை அப்படியே நின்றுவிட்டது. உருளியில் சுக்கும் திப்பிலியும் வெல்லப்பாகில் தளதளவென்று கொதித்தன.

"அம்மா, அடி பிடிக்கறது," என்றாள் ஜாஹ்னவி மெதுவாக. நிறைவயிற்றோடு மேடையில் சாய்ந்து நின்றிருந்த அந்த மருமகள், கரண்டியை மாமியார் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு சுற்று கிளறினாள்.

"பெட்டி கட்டிண்டிருக்காடி," என்றாள் சத்யபாமா.

"கேக்கறது. புதன்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. இன்னிக்குப் பதினோரு மணிக்கு டாக்டர்." ஜாஹ்னவி அறைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "டாக்டர் மாசக்கணக்குல எழுத மாட்டா. வாரக்கணக்குல எழுதுவா. அவா கையால அக்காவுக்குத் தெரியறதைவிட உங்க வாயால தெரிஞ்சா நன்னா இருக்கும்."

"சொல்றேன்."

"எட்டு நாளா இதையேதான் சொல்றேள்."

அறைக்குள்ளே இருந்தவள் மேகனா. சத்யபாமாவின் மூத்த பெண். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகக் கனடாவில், டொரண்டோ பக்கத்தில் ஓர் ஊரில் இருக்கிறாள். தம்பி ஜனார்தனின் மனைவியைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் அங்கே பிரசவம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எட்டு நாளைக்கு முன் ஸ்ரீரங்கம் வந்து இறங்கியிருந்தாள். பயணத்துக்குத் தேவையான எல்லாம் தயார். குறை ஒன்றே ஒன்றுதான். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று மேகனாவிடம் சொல்லப்பட்ட கணக்கு பொய்.

அந்தப் பொய்யைச் சொன்னவள் பெற்ற தாய்.

ஸ்ரீரங்கத்தில் ரிஜிஸ்டர் தபால் அனுப்பியவர்கள் பலருக்கும் சத்யபாமாவைத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்தவள். காலையில் வந்ததும் முதல் வேலை, முத்திரைக்குள் இருக்கும் குட்டித் தேதி எழுத்துகளை மாற்றுவது. மாற்றி, ஒரு நோட்டில் குத்திப் பார்த்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கவுண்ட்டரைத் திறப்பாள். ஒரு தடவை உறையூரிலிருந்து ஒரு பாட்டு டீச்சர் ஓட்டமும் நடையுமாக வந்து, வேலைக்கான விண்ணப்பத்தை நீட்டினாள். கடைசித் தேதி முந்தின நாளோடு முடிந்திருந்தது. "மாமி, நேத்துத் தேதி போட்டுக் குடுங்க மாமி, என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு," என்று அழுதாள். சத்யபாமா அன்றைய தேதியைத்தான் குத்தினாள். வீட்டுக்கு வந்து தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டு தானும் அழுதாள். கணவர் சேஷு அப்போது உயிரோடு இருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒரு நாள்தானேடி, போட்டுக் குடுத்திருக்கலாமே?" என்று கேட்டார். "ஒரு நாள் பொய் சொல்ற கை நாளைக்கு ஒரு மாசம் சொல்லும்," என்றாள் சத்யபாமா.

விதி அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தது போலும்.

மேகனா முதல்முதலாக முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு, கவுண்ட்டரில் வந்தவர்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தவள் சத்யபாமா. ஸ்டாம்பு வாங்க வந்தவருக்கும் கல்கண்டு, மணியார்டர் அனுப்ப வந்தவருக்கும் கல்கண்டு. பத்தாவது வாரத்தில் அது கலைந்தது. இரண்டாவது தடவை கல்கண்டு கொடுக்கவில்லை. ஆனால் வாய் அடங்கவில்லை. தெரு முழுக்கச் சொன்னாள். அதுவும் தங்கவில்லை. மூன்றாவது, ஐந்தாம் மாதம் வரை வந்தது. அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து மேகனா போன் செய்தபோது அழவில்லை. "போயிடுத்தும்மா" என்றாள், பஸ் போய்விட்டது என்பது போல. அதன்பிறகு அந்தப் பேச்சே தாய்க்கும் பெண்ணுக்கும் நடுவில் வரவில்லை.

ஆறு வருஷம் கழித்து ஜாஹ்னவிக்கு நாள் தள்ளியது. இந்த முறை சத்யபாமா வாயைத் தைத்துக்கொண்டாள். மூன்று மாதம் ஆன பிறகுதான் வெளியே சொன்னாள். அப்போதும் இரண்டு என்று சொன்னாள். நம் வீடுகளில் ஒரு மாதத்தைக் குறைத்துச் சொல்வது ஒன்றும் புதுசில்லை. கேட்பவர்களுக்கும் தெரியும், தாங்களே ஒன்றைக் கூட்டிக்கொள்வார்கள். கண் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேகனா போனில் கேட்டாள். "எத்தனாவது மாசம்மா?"

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் சத்யபாமாவின் நெஞ்சு என்ன நினைத்ததோ, வாய் "ரெண்டு" என்றது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல் அடுக்கிய செங்கல்கள். ஜனார்தனும் ஜாஹ்னவியும் இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவைப் பார்க்கக் கனடா போய்வந்தவர்கள். அந்த விசிட்டர் விசா இன்னும் செல்லும். "ஜாஹ்னவியை இங்கே அனுப்புங்கோ. குழந்தை இங்கே பொறந்தா இந்த ஊர் பாஸ்போர்ட். அதைவிட, எங்காத்துல ஒரு குழந்தை அழற சத்தம் கேக்கும்," என்றாள் மேகனா. கடைசி வாக்கியத்துக்குப் பிறகு யாரால் மறுக்க முடியும்? மாடியறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்து, தொட்டில் வாங்கி, போட்டோ அனுப்பினாள். இமிக்ரேஷனில் காட்ட ஒரு ஃபைலும் தயார் செய்தாள். ஆஸ்பத்திரிக் கடிதம், கணவர் நவநீதனின் கடிதம், எல்லாம் வரிசையாக. "எதுக்கு வந்திருக்கேன்னு கேட்டா, பிரசவத்துக்குன்னு நேராச் சொல்லணும். சும்மா ஊர் பார்க்க வந்தேன்னு பொய் சொல்லி உள்ளே நுழையக் கூடாது. அந்தப் பொய் குழந்தை பேரோட ஒட்டிக்கும்," என்று ஜாஹ்னவிக்குப் பாடம் நடத்தினாள்.

தாய் சொன்ன மாதத்தை வைத்து மேகனா டிக்கெட் போட்டாள். ஒரு மாதம் தாமதமான தேதிக்கு.

ஸ்கேன் படம் கேட்டபோது சத்யபாமா மருமகளின் போனை வாங்கி, எத்தனை வாரம் என்று அச்சாகியிருந்த மேல் வரியை வெட்டிவிட்டு, மீதிப் படத்தை மட்டும் அனுப்பினாள். முப்பத்திரண்டு வருஷம் தேதி குத்திய அதே கட்டைவிரல்.

இன்றைய நிலவரம் இது. ஜாஹ்னவிக்கு முப்பத்தைந்து வாரம் தாண்டிவிட்டது. முப்பத்தாறைத் தொட்டால் அந்த விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மேகனாவின் கணக்கில் இன்னும் முப்பத்தொன்றுதான். பதினோரு மணிக்கு டாக்டர் ஒரு காகிதத்தில் நிஜத்தை எழுதுவார். அதற்குள் தாய் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், 'என்னைப் பெற்றவளே என் கண்ணுக்குப் பயந்து மறைத்தாள்' என்ற முள் அந்தப் பெண்ணின் நெஞ்சில் தைத்துவிடும். தைத்தால் எடுக்க முடியுமா?

"சத்யா! நெய் வாசனை எதிர்வீடு வரைக்கும் வரதே!"

பிரேமலதா மாமி. எதிர் ஃபிளாட்காரி. கதவு திறந்திருந்தால் அழைப்பு மணி அடிப்பது அவமரியாதை என்று நினைப்பவள். அவள் குரல் கேட்டு மேகனாவும் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"என்னடி மேகனா," என்று சோபாவில் உட்கார்ந்தாள் மாமி, "ஒன்பதாம் மாசக்காரியை ஆகாசத்துல தூக்கிண்டு போறயாமே! நடுவானத்துல வலி எடுத்தா யார் பார்ப்பா? பைலட்டா?"

அடுப்படியில் கரண்டி விழுந்தது.

சத்யபாமா வேகமாக வெளியே வந்தாள். "ஒன்பதா? உனக்குக் கணக்கே வராது பிரேமா. காபி சாப்பிடறயா?"

"எனக்கா கணக்கு வராது? சீமந்தத்துக்கு வந்து எட்டு அப்பம் தின்னுட்டுப் போனேனே, எட்டாம் மாசம்னு சொல்லித்தானே..."

"எட்டு அப்பமா தின்னேள்?" என்று ஜாஹ்னவி குறுக்கே விழுந்தாள். "சுகர் இருக்கறவா எட்டு தின்னலாமா மாமி? மாமாகிட்ட சொல்லட்டுமா?"

"அடிப்பாவி, அஞ்சு. அஞ்சுதான் தின்னேன். அவர்கிட்ட ரெண்டுன்னு சொல்லியிருக்கேன், நீ வேற ஆரம்பிக்காதே."

மேகனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். "மாமி கணக்குல எப்பவும் ரெண்டு மூணு கூடும், குறையும். எங்கம்மா அப்படி இல்லை. அவ கணக்குல ஒண்ணுதான் குறையும்."

மாமிக்கு அது புரியவில்லை. அவளும் சிரித்தாள். சத்யபாமா மட்டும் சிரிக்காமல், கீழே விழுந்த கரண்டியை எடுக்க அடுப்படிக்குத் திரும்பினாள்.

கார் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. ஆற்றில் பாதி தண்ணீர், பாதி மணல். தூரத்தில் மலைக்கோட்டை வெயிலில் நின்றது. முன் சீட்டில் மேகனா. பின்னால் மாமியாரும் மருமகளும்.

"வயித்துப் பிள்ளைக்காரி ஆறு தாண்டக் கூடாதுன்னு எங்க பெரியம்மா சொல்லுவா," என்றாள் ஜாஹ்னவி.

"ஸ்ரீரங்கத்துல இருந்துண்டு ஆறு தாண்டாம எங்கடி போறது? இந்தப் பக்கம் போனா காவிரி, அந்தப் பக்கம் போனா கொள்ளிடம்," என்றாள் மேகனா. "அப்படிப் பார்த்தா இந்த ஊர்ல ஒருத்தியும் டாக்டரையே பார்த்திருக்க முடியாது."

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "எங்க வீட்ல மூணு பிரசவத்துக்கும் இந்தப் பாலம்தாங்க. மூணாவது குழந்தை பாலத்துலயே வந்துருச்சு. அதான் காவேரின்னே பேரு வெச்சுட்டோம்."

அதற்கு எல்லோரும் சிரித்தார்கள், சத்யபாமாவைத் தவிர. அவள் உதட்டுக்குள் பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாலம் முடிவதற்குள் சொல்லிவிடு என்று அவளே அவளுக்குச் சொன்னாள். பாலம் முடிந்தது. சத்திரம் வந்தது. பாலக்கரை வந்தது. டோல்கேட் வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை.

கே.கே. நகரில் டாக்டர் கமர் ஜஹானின் கிளினிக்கில் நல்ல கூட்டம். டோக்கன் ஒன்பது. உள்ளே எட்டாவது ஆள் போயிருந்தாள். சுவரில் கடிகாரம் பதினொன்று பத்து.

சத்யபாமா எழுந்தாள். "மேகனா, கொஞ்சம் வெளியே வாயேன்."

ஜாஹ்னவி மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலில் வேப்பமர நிழலில் ஒரு தள்ளுவண்டியில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் போய் நின்றார்கள். ஏர்போர்ட் பக்கத்திலேயே இருப்பதால், ஒரு விமானம் மரங்களுக்கு மேல் வெகு தாழ்வாக, காதைப் பிளந்துகொண்டு போயிற்று. அது போகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் சத்யபாமாவுக்கு முப்பத்திரண்டு வருஷமும் கண்முன் வந்துபோயிற்று.

"நான் உன்கிட்ட தப்பா சொல்லிட்டேன்டி. மாசத்தை. ஒரு மாசம் குறைச்சு." சொல்லிவிட்டாள். "இன்னிக்கு முப்பத்தஞ்சு வாரம் மூணு நாள். புதன்கிழமை அவளால ஃபிளைட் ஏற முடியாது. டாக்டர் எழுதித் தர மாட்டா."

இளநீர்க்காரர் ஒரு காயைச் சீவினார். சீவிய ஓடு நாலு தெறித்து விழுந்தது.

"தெரியும்மா," என்றாள் மேகனா.

"என்ன தெரியும்?"

"எல்லாம். ஏழாம் மாசத்துல சீமந்தம் பண்ணிட்டோம்னு போன்ல சொன்னியே. நம்மாத்துல ஒத்தைப்படை மாசத்துல சீமந்தம் பண்ணுவாளா? ஆறு, இல்லேன்னா எட்டு. அதைச் சொல்லிக் குடுத்ததே நீதானே? எட்டுலதான் பண்ணியிருக்கே, என்கிட்ட ஒண்ணைக் கழிச்சுச் சொன்னே." அவள் குரல் உயரவில்லை. "அதுக்கு முன்னாடியே சந்தேகம். ஸ்கேன் படத்துல மேல் வரியே இல்லை. தபால் ஆபீஸ்காரி தேதியில்லாம ஒண்ணு அனுப்பினா, அவ பொண்ணுக்குத் தெரியாதா?"

சத்யபாமா மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ... சீமந்தத்துலேர்ந்தே, அஞ்சு வாரமா தெரியுமா? தெரிஞ்சா டிக்கெட்டை முன்னாடி மாத்தியிருக்கலாமேடி!"

"மாத்தலை. ஜாஹ்னவி டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன். நான் மட்டும் போற டிக்கெட்தான் இருக்கு."

"பெட்டி கட்டினியே? ஜிப் இழுக்கற சத்தம் கேட்டுதே?"

"கட்டலைம்மா. எடுத்து வைக்கறேன். குழந்தைக்கு நான் வாங்கி வெச்சிருந்த சட்டை, கம்பளிக் குல்லா எல்லாம் பெட்டியில போட்டு இங்கே கொண்டுவந்தேன். தினம் கொஞ்சம் எடுத்து அலமாரில அடுக்கறேன். மனசு வர்லை, மறுபடி உள்ளே வைக்கறேன். அந்தச் சத்தம்தான் நீ கேட்டது."

அடுத்த கேள்வி வரும் என்று சத்யபாமாவுக்குத் தெரியும். வந்தது.

"ஊர்ல எல்லார்கிட்டயும் குறைச்சுச் சொன்னே, சரி. அது வழக்கம். ஆனா அப்புறம் பிரேமலதா மாமி வரைக்கும் நிஜம் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஏம்மா சொல்லலை?" மேகனாவின் கண்கள் முதல்முறையாகக் கலங்கின. "என் கண்ணுக்குப் பயந்தியா? மூணு தடவை போனவ கண்ணுன்னு?"

பெற்றவள் என்ன பதில் சொல்வாள்? இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். அதுவும் அன்பினால் சொல்கிற பொய்தான். ஒரு மாதத்தைக் குறைத்தவளுக்கு இது பெரிய காரியமா?

"என் வாய்க்குத்தான்டி பயந்தேன்," என்றாள் சத்யபாமா. "உன்னோட மூணையும் ஊருக்கெல்லாம் தமுக்கடிச்சது நான். கல்கண்டு குடுத்தது நான். என் வாயாலதான் போச்சுன்னு நினைச்சுண்டிருக்கேன், இத்தனை வருஷமா." நிறுத்தினாள். அது பாதி நிஜம்தான் என்று அவளுக்குத் தெரியும். மீதிப் பாதியையும் வெளியே எடுத்தாள். "ஆனா நீ கேட்டப்போ, ஒரே ஒரு நொடி... உன் கண்ணும்னு நினைச்சேன். பெத்தவ நினைக்கக் கூடாததை நினைச்சேன். அந்த நொடியில வந்த வார்த்தைதான் அந்த ரெண்டு. அப்புறம் அதைத் திருத்த வாய் வரலை. திருத்தினா ஏன் அப்படிச் சொன்னேன்னு நீ கேட்பியே, அந்தப் பயம்."

இளநீர்க்காரர், "அம்மா, தண்ணியா வழுக்கையா?" என்று கேட்டார்.

"தண்ணியா ஒண்ணு குடுங்க," என்றாள் மேகனா. வாங்கி, ஸ்ட்ராவைப் போட்டு, தாயின் கையில் வைத்தாள். "குடி. வெயில்ல விழுந்துவைக்காதே."

சத்யபாமாவால் உறிஞ்ச முடியவில்லை. கண்ணீர் ஓட்டின் மேல் சொட்டியது.

"நானும் நினைச்சேன்மா," என்றாள் மேகனா, தெருவைப் பார்த்துக்கொண்டு. "நீ அந்த ஸ்கேன் படத்தை அனுப்பினே பாரு, சந்தோஷம்தான் முதல்ல வந்தது. அதுக்குப் பின்னாடியே இன்னொண்ணும் வந்தது. எனக்கு மட்டும் ஏன் இல்லேன்னு. என் கண்ணைப் பார்த்து எனக்கே பயமா இருந்தது. அதுக்கப்புறம் அவளை அழைச்சுண்டு போய் அந்த மஞ்சள் ரூம்ல எப்படி வெச்சுக்கறது? டிக்கெட்டை மாத்தக் கை வரலை. ஆனா வராம இருக்கவும் முடியலை. நேர்ல வந்து அவளைப் பார்த்து, அவ வயித்துல கையை வெச்சுட்டா பயம் போயிடும்னு தோணித்து. வந்தேன்."

"போச்சாடி?"

"வந்து இறங்கின அன்னிக்கே போயிடுத்து. என்னைப் பார்த்ததும் அவ ஓடி வந்தா பாரு, வயித்தைத் தூக்கிண்டு, வாத்து மாதிரி. அப்பவே போயிடுத்து." மேகனா மூக்கை உறிஞ்சினாள். "மீதி எட்டு நாளும் நீ எப்போ சொல்லப்போறேன்னு காத்துண்டிருந்தேன். நானா கேட்டிருந்தா இன்னொரு மாசம் சொல்லியிருப்பே."

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ஜாஹ்னவி கூட வந்தவங்க யாருங்க? டோக்கன் ஒன்பது!"

இளநீரை வண்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு இருவரும் ஓடினார்கள். டாக்டரின் அறைக்குள் துணைக்கு ஒருவரைத்தான் விடுவார்கள். சத்யபாமா வழக்கம்போல முன்னால் போனாள். ஜாஹ்னவி கட்டிலில் படுத்தபடியே தலையைத் திருப்பி, "அக்கா வரட்டும்மா," என்றாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து சத்யபாமா கேட்டாள். டாக்டர் கமர் ஜஹானின் குரல் கேட்டது. "முப்பத்தஞ்சு வாரம் மூணு நாள். எல்லாம் நல்லா இருக்கு. பிளேனா? இந்த நிலைமையில பஸ்ல இந்த ஜில்லாவுக்குள்ளயே இருக்கற மருங்காபுரி போறேன்னாகூட விட மாட்டேன். இங்கேயே பெத்துக்கோங்க." அப்புறம் கொஞ்சம் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, குதிரை ஓடுவது போல ஒரு சின்ன இதயத்தின் சத்தம். டாக்டர்கூட அவசரப்படவில்லை. வெளியே ஐந்து டோக்கன்கள் காத்திருக்க, அந்தச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

மேகனா வெளியே வந்தபோது முகம் கழுவியது போல இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பெட்டி இரண்டும் வாசலுக்கு வந்தன. ஒன்று காலி. அதைத் தூக்கிப் பார்த்த ஜனார்தன், "இதுல என்னக்கா இருக்கு, காத்தா?" என்றான். அன்றைக்கு பாங்கில் லீவு போட்டிருந்தான். எல்லாம் தெரிந்த பிறகு அவன் தாயிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மேகனாதான் அவனை மிரட்டினாள். "நீ ஆம்படையாளோட ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு தடவையாவது படிச்சிருந்தா எனக்குச் சொல்லியிருக்கலாமோல்லியோ? தேதியைப் பார்த்தியா, டிக்கெட்டைப் பார்த்தியா? மூடிண்டு பெட்டியைத் தூக்கு."

சத்யபாமா ஒரு பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"லேகியமா? எனக்கு எதுக்கும்மா பிரசவ லேகியம்?"

"ஜீரணத்துக்கு நல்லது. மாப்பிள்ளைக்கும் குடு."

"அவருக்குப் பிரசவ லேகியமா! ஆபீஸ்ல சொன்னா சிரிப்பா." மேகனா சிரித்தாள். ஆனால் பாட்டிலை வாங்கிப் பெட்டியின் நடுவில், துணிகளுக்குள் பத்திரமாக வைத்தாள்.

ஜாஹ்னவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்த மஞ்சள் ரூம்..."

"அப்படியே இருக்கட்டும். வேற வர்ணம் அடிக்க மாட்டேன். உன் குழந்தை பொறந்து, நடந்து, பேச ஆரம்பிச்சப்புறம், விசிட்டர் விசால வரட்டும். எதுக்கு வரேன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"அத்தையைப் பார்க்க."

"அவ்வளவுதான். அதுல ஒரு பொய்யும் இல்லை." மேகனா குனிந்து நாத்தனார் உரிமையோடு அந்த வயிற்றில் கையை வைத்தாள். கண்ணை மூடவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டே வைத்தாள். உள்ளே ஏதோ அசைந்திருக்க வேண்டும். "உதைக்கறதுடி! எங்கப்பா மாதிரி கோபம்!"

அப்புறம் தாயின் பக்கம் திரும்பினாள். "சொல்லு. இன்னிக்கு எத்தனை?"

சத்யபாமா கவுண்ட்டரில் நிற்பது போல நிமிர்ந்து நின்றாள். "முப்பத்தாறு வாரம், ஒரு நாள்."

"நாளைக்கு?"

"முப்பத்தாறு வாரம், ரெண்டு நாள். தினம் காலையில உனக்கு அனுப்பறேன். ஒரு நாள்கூடத் தப்பாது."

"தப்பினா பிரேமலதா மாமியைக் கேட்டுப்பேன்."

எதிர்க் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து, "என் பேர் எதுக்குடி அடிபடறது?" என்று குரல் வந்தது. மேகனா அங்கேயும் போய்ச் சொல்லிக்கொண்டு, திரும்பி வந்து தாயைக் கட்டிக்கொண்டாள். எத்தனை நேரம் அப்படி நின்றார்கள் என்று ஜனார்தன் பார்க்கவில்லை. லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அது கதவை மூடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

"போயிட்டு வரேம்மா."

"போயிட்டு வா."

லிஃப்ட் இறங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று. கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பித் தெரு முனை திரும்பும் சத்தம் தேயும் வரை சத்யபாமா வாசல்படியிலேயே நின்றாள். யாராவது ஊருக்குக் கிளம்பினால் உடனே கதவைச் சாத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"அம்மா, உட்காருங்கோ. கால் வலிக்கும்," என்றாள் ஜாஹ்னவி உள்ளேயிருந்து.

"வரேன்," என்று சொல்லி, இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.